பாலித்தீன் துகள், யூரியா சாக்கு, பேவர் பிளாக்: மன்னார்குடி பட்டறையிலிருந்து ஒரு கேள்வி

பாமணிக்கரை (இழையைத் தொடங்கியவர்) · மே 19, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் சின்னதா ஒரு பிளாக் பட்டறை வெச்சிருக்கேன். ஹாலோ பிளாக், பேவர் (தரையில பதிக்கிற கல்லு), சாக்கடை மூடி, வேலிக்கால், இதுதான் நம்ம சரக்கு. எங்க ஊர்ல மகளிர் குழு அக்காங்க பிளாஸ்டிக் அரைக்கிற மெஷின் ஓட்டுறாங்க. பால் கவர், எண்ணெய் கவர், கேரி பை எல்லாத்தையும் கழுவிக் காயவெச்சு நொய் கணக்கா அரைச்சு வைப்பாங்க. தார் ரோடு வேலைக்குப் போய்ட்டிருந்துச்சு. இப்ப ரோடு வேலை நின்னு ஆறு மாசம் ஆச்சு, கொட்டகையில மூட்டை மூட்டையா அடுக்கிக் கிடக்கு. "தம்பி, எம்-சாண்டு (கல்லை அரைச்ச மணல்) விக்கிற விலைக்கு இதக் கொஞ்சம் கலந்துதான் பாரேன்"னு ஒரு அக்கா நாலு மூட்டைய அனுப்பி வெச்சாங்க.

மணல்ல பத்து சதவீதத்தைக் குறைச்சிட்டு, அதே எடைக்கு இதப் போட்டு இருநூறு பேவர் வார்த்தேன். டேபிள்ல வைப்ரேட் ஆகுறப்பவே வயித்தக் கலக்கிடுச்சு. நீலம், வெள்ளை, பச்சைன்னு துகள் பூரா மேல வந்து நிக்குது, பாயசத்துல முந்திரி மிதக்குற மாதிரி. மறுநாள் அச்சைக் கவுத்துப் பார்த்தா அந்தப் பக்கத்து மூலையெல்லாம் நகத்தால கிள்ளுனாலே உதிருது.

இதுல ஒரு விஷயம். பேவரைத் தலைகீழாத்தான வார்க்கிறோம்? அதனால மிதந்த பக்கம் கல்லோட அடிப்பக்கமா போயிடுச்சு. முகம் பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கு. அப்படியே வித்திருந்தா வாங்குறவருக்குத் தெரியவே தெரியாது. அதான் பயமா இருக்கு. எங்க தப்பு பண்ணேன்?

இருபத்தெட்டாம்_நாள் · மே 19, இரவு 10:40

தம்பி, பத்து சதவீதம்னு எழுதியிருக்கீங்க. தராசுல நிறுத்துப் போட்டீங்களா, பாண்டுல (இரும்புச் சட்டி) அளந்து போட்டீங்களா?

பாமணிக்கரை · மே 19, இரவு 10:44

தராசுதான் சார். பாண்டுல அளந்தா சரியா வராதுன்னு நெனச்சேன்.

இருபத்தெட்டாம்_நாள் · மே 20, காலை 6:30

அங்கதான் சறுக்கியிருக்கீங்க. தஞ்சாவூர்ல கட்டுமானத் தரக்கட்டுப்பாட்டு வேலையில பல வருஷமா இருக்கேன், இந்தத் தப்பைப் படிச்சவங்களே பண்ணிப் பார்த்திருக்கேன்.

ஒரு கன மீட்டர் கலவையில மணல் 680 கிலோன்னு வெச்சுக்குங்க. அதுல பத்துக்கு ஒண்ணு 68 கிலோ. அந்த 68 கிலோ மணல் கலவைக்குள்ள அடைக்கிற இடம் சுமார் 26 லிட்டர். அதே 68 கிலோ பாலித்தீன் அடைக்கிற இடம் 70 லிட்டருக்கு மேல. நீங்க எடுத்ததுபோல கிட்டத்தட்ட மூணு மடங்கைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. கொள்ளளவுக்குச் சரியா போட்டிருந்தா 24 கிலோவே போதும். பிளாஸ்டிக் சதவீதம்னு யார் பேசினாலும் முதல்ல எடையா கொள்ளளவான்னு கேட்டுருங்க.

மிதந்ததுக்குக் காரணம், பாலித்தீன் தண்ணியவிட லேசு, சாந்து தண்ணிய மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல கனம். இளக்கமா கலந்து ரொம்ப நேரம் ஆட்டுனா துகள் மேல ஏறத்தான் செய்யும். தண்ணியக் குறைச்சுக் கெட்டியா கலக்கணும், ஆட்டுறதையும் குறைக்கணும்.

இன்னொண்ணு, சிமெண்டு பாலித்தீனைப் பிடிக்காது. தாமரை இலைத் தண்ணி கதைதான். கவரை அரைச்சா வர்றது தட்டையான செதில். ஒவ்வொரு செதிலுக்கு அடியிலயும் தண்ணி தேங்கி நிக்கும், அது காஞ்சதும் அந்த இடம் வெத்து இடுக்காயிடும். ஒட்டியிருந்தாலும் அது சுமை வாங்காது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 456 வாய்பாட்டுப்படி எம்20 (28 நாள்ல 20 நியூட்டன்/ச.மி.மீ. தாங்குற) கான்கிரீட்டோட விறைப்பு 22,000 நியூட்டன்/ச.மி.மீ.க்குச் சத்தே மேல, பாலித்தீனுக்கு ஆயிரமோ அதுக்கும் கம்மியோதான். அதனால பலம்னு பார்த்தா ஒவ்வொரு துகளும் கல்லுக்குள்ள இருக்குற ஒரு சின்ன ஓட்டை.

அதுக்காக ஆகாதுன்னு சொல்ல வரல. 2018-ல பிரிட்டனோட பாத் பல்கலைக்கழகமும் கோவா பொறியியல் கல்லூரியும் சேர்ந்து மணல்ல கொள்ளளவுக்குப் பத்து சதவீதத்தை பிளாஸ்டிக்கா மாத்திப் பார்த்தாங்க. வகை வகையா போட்டுப் பார்த்ததுல உருப்படியா வந்தது, தண்ணி பாட்டிலை மணலோட பருமனுக்கும் உருவத்துக்கும் ஒத்து வர்ற மாதிரி அரைச்சுப் போட்டதுதான். அப்படி மாத்தினா உலகத்துல வருஷத்துக்கு 82 கோடி டன் மணலை மிச்சப்படுத்த வழியிருக்குன்னு கணக்குச் சொன்னாங்க. உங்ககிட்ட இருக்கிறது கவர் செதில். ரெண்டும் ஒண்ணில்ல.

சாந்துகரண்டி · மே 20, பகல் 1:15

கும்பகோணத்துல மேஸ்திரி வேலை. சார் சொன்னது சரி, ஆனா பிளாஸ்டிக் ஏற்கெனவே எங்க சாந்துச் சட்டிக்குள்ள வந்து எவ்வளவோ நாளாச்சு, யாரும் கவனிக்கல. பூச்சு வெடிக்காம இருக்க மூட்டைக்கு ஒரு பாக்கெட் நார் போடுறோமே, 125 கிராம், அதுவும் பிளாஸ்டிக்தானே? மாடித் தளம் போட்ட அன்னைக்குச் சாயந்திரமே நாலு மணி வெயில்ல மேல மயிரிழை வெடிப்பு வரும் பாருங்க, அதுக்கு இந்த நார் நல்லாவே கேக்குது. ஆனா பையன்கள் பாக்கெட்டைப் பிரிச்சு அப்படியே மிக்சர்ல கொட்டிடுவானுங்க. அது உருண்டை உருண்டையா சுருண்டு, பூசுறப்ப கரண்டியில எலி வால் மாதிரி மாட்டும். உதிர்த்து உதிர்த்துத் தூவணும்.

என் யோசனை: கவர் செதிலை விட்டுட்டு யூரியா சாக்கைப் பிரிச்சு நறுக்கிப் போட்டா என்ன? அதுவும் நார்தானே.

பாமணிக்கரை · மே 20, இரவு 8:50

மேஸ்திரி அண்ணே, சாக்குக்குப் பஞ்சமே இல்ல இங்க. ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலயும் அடுக்கு அடுக்கா கிடக்கு. நாளைக்கே நறுக்கிப் பார்க்கவா?

உரக்கடை_மாடி · மே 20, இரவு 9:33

கொஞ்சம் நில்லுங்க! திருவாரூர் மாவட்டத்துல உரக்கடை வெச்சிருக்கேன், பி.எஸ்சி. வேதியியல் படிச்சவன், அந்தப் படிப்புக்கு இன்னைக்குத்தான் வேலை வந்திருக்கு.

சாக்குன்னா எந்தச் சாக்கு? பொட்டாஷ் சாக்குல இருக்கிறது பொட்டாசியம் குளோரைடு. சாக்கு மடிப்புல, தையல்ல செவப்பா ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்தக் குளோரைடு கம்பியைத் தின்னும், கடல் உப்பு பண்ற அதே வேலை. டி.ஏ.பி. சாக்குன்னா பாஸ்பேட். அது சிமெண்டு இறுகுறதைத் தாமதப்படுத்தும், மறுநாள் அச்சைக் கவுத்தா கல்லு கூழா நிக்கும். யூரியா சாக்கு பரவாயில்ல, ஆனா மிச்சம் இருந்தா சிமெண்டோட காரத்துல அம்மோனியா நெடி வரும், ஆட்டுக் கொட்டகை மாதிரி. எதுவா இருந்தாலும் உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டு ரெண்டு மூணு தண்ணியில அலசணும். அந்தத் தண்ணிய வாய்க்கால்ல விடாம வயல்ல விடுங்க, உரமாச்சும் ஆகும்.

பூச்சி மருந்து டப்பா கிட்ட மட்டும் போகவே போகாதீங்க. அரைக்கிற அக்காங்க கையிலயும் மூச்சுலயும்தான் அது ஏறும்.

இருபத்தெட்டாம்_நாள் · மே 21, காலை 7:05

இதை நானே யோசிக்கல, உரக்கடை சார் சொன்னது ரொம்பச் சரி. கூடவே ஒண்ணு. வைக்கோல் போர் மேல போட்ட சாக்கு ஒரு கோடை தாண்டுறதுக்குள்ள தொட்டாலே பொடியா உதிரும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வெயில்ல வெந்த சாக்கை நறுக்கிப் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல. வெயில் படாததா எடுங்க. கான்கிரீட்டுக்குள்ள போனப்பறம் வெயில் இல்ல, சாக்கு பாலிபுரோப்பிலீன்ங்கிறதால சிமெண்டுக் காரமும் அதை ஒண்ணும் பண்ணாது. தண்ணி பாட்டில் 'பெட்' அப்படி இல்ல, மெலிசான நாரா போட்டா அந்தக் காரத்துல நாளாவட்டத்துல அரிக்கும்.

ஆனா கடையில வாங்குற மயிரிழை நாரும் சாக்குப் பட்டையும் ஒரே வேலை செய்யாது. சாக்குப் பட்டை அகலமானது, அன்னைக்குச் சாயந்திரம் வர்ற வெடிப்பை அந்த அளவுக்குத் தடுக்காது. ஆனா கல்லு உடைஞ்சப்பறம் துண்டு துண்டா சிதறாம பிடிச்சு வைக்கும். சாக்கடை மூடிக்கு அது நல்ல குணம்.

இன்னொரு கணக்கும் பார்த்துக்குங்க. மெல்லிய நார் கன மீட்டருக்கு 900 கிராம்தான் போடுவாங்க. அந்தக் கணக்குல ஒரு டன் பிளாஸ்டிக்கைத் தீர்க்க ஆயிரம் கன மீட்டருக்கு மேல கான்கிரீட் வேணும். அக்காவோட கொட்டகையை நாரைப் போட்டுக் காலி பண்ண முடியாது.

கொள்ளிடத்துக்காரன் · மே 21, பகல் 12:20

நான் ஒரு எதிர்க் கேள்வி போடுறேன், கோவிச்சுக்காதீங்க. அதை ஏன் கான்கிரீட்டுக்குள்ள திணிக்கணும்? மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி பேராசிரியர் வாசுதேவன் ரோட்டுக்கு வழி காட்டினார், 2018-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. சூடான ஜல்லி மேல, 160, 170 டிகிரியில, துகளைத் தூவுனா உருகி ஜல்லிக்குச் சட்டை போட்ட மாதிரி ஒட்டிக்குது, அதுக்கு மேல தார் நல்லாப் பிடிக்குது. அங்க பிளாஸ்டிக் ஒரு வேலை செய்யுது. கான்கிரீட்டுல வேலை செய்யாம குந்தியிருக்கு. ஒத்தைத் தட ரோடு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் போகும்.

ரோட்டுக்கும் ஆகாத அழுக்கு கவரா? கொள்ளிடத்தைத் தாண்டுனா அரியலூர். அங்க சிமெண்டு ஆலைச் சூளையில 1,450 டிகிரி. நிலக்கரிக்குப் பதிலா எரியுது. பி.வி.சி.யை மட்டும் பிரிச்சு எடுத்துடணும்.

பாமணிக்கரை · மே 21, பகல் 2:02

அண்ணே, ரோடு போட்டா நானே குடுத்துடுவேன். போடலையே! அரியலூருக்கு லாரி வாடகை யார் குடுப்பா? காத்து மாதிரி இருக்குற சரக்கு, லாரி ரொம்பும், எடை ரொம்பாது.

இருபத்தெட்டாம்_நாள் · மே 21, பகல் 3:18

கொள்ளிடத்துக்காரர் சொல்றதுல நியாயம் இருக்கு, ரோட்டுக்குப் போறது ரோட்டுக்கே போகட்டும். ஆனா மணல் பக்கத்தையும் பாருங்க. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி திருச்சிப் பக்கம் முக்கொம்பு அணையில மதகுகள் அடிச்சுக்கிட்டுப் போனதை நம்ம பக்கத்துல யாரும் மறக்கல. ஆத்துப் படுகையைத் தோண்டினது அதுல எவ்வளவுங்கிற சண்டை இன்னும் ஓயல, தோண்டினது மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஒரு பாண்டு மணல் மிச்சம்னாலும் மிச்சம்தான்.

பாமணிக்கரை தம்பிக்கு: கொள்ளளவுக்குப் பத்து சதவீதம் போட்டா ஒரு டன் துகள் கரைய 60 மி.மீ. பேவர் சுமார் ஏழாயிரத்து ஐந்நூறு சதுர அடி வார்க்கணும். அஞ்சு சதவீதம்னா அதுல ரெண்டு மடங்கு. ஒரு பட்டறைக்கு நடக்குற காரியம்தான். ஆனா அரசு டெண்டருக்கு எழுதாதீங்க. ஐ.எஸ். 383 தரத்துல 2016-ல இடிபாட்டுக் கான்கிரீட் ஜல்லி, உலைக் கசடு எல்லாம் உள்ள வந்துச்சு, பிளாஸ்டிக் வரல. பேவருக்குன்னு இருக்கிற ஐ.எஸ். 15658, வண்டி ஓடாத நடைபாதைக்கே எம்30 கேக்குது. அதை எட்டுறதுக்கு முன்னாடி பேவர்னு பேர் வெச்சு விக்காதீங்க.

குறுவைக்காரன் · மே 22, காலை 5:50

நான் விவசாயி, சிமெண்டு கணக்கு தெரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். இந்தக் கல்லை, இந்தக் கலவையை, நெல் காயவைக்கிற களத்துல மட்டும் போட்டுறாதீங்கய்யா.

17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா கொள்முதல்ல நெல்லை எடுக்க மாட்டாங்க. அதனால நாள் பூரா காலால கிண்டுறோம், பலகை வெச்சு இழுக்குறோம், சாயந்திரம் பெருக்கிக் குவிக்கிறோம், மறுபடி விரிக்கிறோம். மேல டிராக்டர் ஏறுது. சாதாரண சிமெண்டுக் களமே ரெண்டு வருஷத்துல மேல்தோல் போய் ஜல்லி பல்லைக் காட்டுது. அதுல இந்தத் துகள் இருந்தா எங்க போகும்? நெல்லோட மூட்டைக்குள்ள. மழை பேஞ்சா வாய்க்காலுக்கு. மேட்டூர்ல தண்ணி விட்டு எங்க கடைமடைக்கு வந்து சேர்றப்பவே முதல் தண்ணி குப்பையைத்தான் தள்ளிக்கிட்டு வருது, மதகுல அடைச்சிருக்கிற பாலித்தீனை இழுத்துப் போட ரெண்டு ஆள் வேணும். கண்ணுக்குத் தெரியிற பாலித்தீனை எடுத்துடலாம். தெரியாததை எந்தக் கையால எடுக்குறது?

சாந்துகரண்டி · மே 22, காலை 7:11

அண்ணே சொல்றது மனசுல படுது. களம் மட்டுமில்ல, தொட்டி, கெணத்து உறை, மாட்டுத் தொட்டி எதுலயும் வேண்டாம்.

உப்புக்காத்து · மே 23, இரவு 7:26

வேதாரண்யத்துலேர்ந்து எழுதுறேன். கஜா புயல் அடிச்ச ராத்திரி, 2018 நவம்பர் 16, எங்க கூரை போச்சு. எப்படியோ நாளை ஓட்டிக்கிட்டே இருந்துட்டு இப்பதான் தளம் போட்டு வீடு கட்டக் கையில பணம் சேர்ந்திருக்கு. பிளாஸ்டிக் கலந்தா தளம் லேசா இருக்கும், செலவும் கம்மின்னு ஒருத்தர் ஆசை காட்டுறார். இழையைப் படிச்சதும் சந்தேகம் வந்துச்சு. போடலாமா சார்?

இருபத்தெட்டாம்_நாள் · மே 23, இரவு 8:01

வேண்டாம்மா. தலைக்கு மேல இருக்கிற தளத்துல சோதனை வேண்டாம். ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2,400 கிலோ. பத்து சதவீத மணலை மாத்தினா குறையிறது நாப்பது கிலோவை ஒட்டி. அந்த 'லேசு'க்காகக் கூரையைப் பணயம் வைக்கலாமா? தீப்பிடிச்சா பாலித்தீன் 110, 130 டிகிரியிலயே உருகிடும், அடுப்படி மேல அது இருக்கக் கூடாது.

உங்க ஊருக்குப் பெரிய எதிரி உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்குற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு ஐ.எஸ். 456 சொல்லுது. போர் தண்ணியைச் சோதிச்சுப் பாருங்க, தாண்டினா லாரித் தண்ணி வாங்கிக் கலங்க, சாக்குப் போட்டு நனைக்கிறதுக்கும் அதையே வெச்சுக்குங்க. கம்பிக்கு அடியில வைக்கிற கவர் பிளாக்கைச் சரியா வெச்சு, கம்பியை மூடுற அளவுக்குக் கான்கிரீட் கனம் விடச் சொல்லுங்க. மிச்சம் பிடிக்கணும்னா வேற எதுலயாவது பிடிங்க.

உப்புக்காத்து · மே 23, இரவு 8:09

ரொம்ப நன்றிங்க சார். வீட்டுக்காரர்கிட்ட இந்த இழையை அப்படியே படிச்சுக் காட்டிட்டேன்.

வலைக்கட்டு · மே 25, காலை 10:30

நாகப்பட்டினம். கிழிஞ்ச வலை எங்ககிட்ட மலையா கிடக்கு, நைலான். நறுக்கிப் போட்டா நாரா ஆகுமா?

இருபத்தெட்டாம்_நாள் · மே 25, பகல் 1:44

வலை நாரை வெச்சுச் சோதனைகள் நடந்திருக்கு, உடைஞ்சப்பறம் பிடிச்சு வைக்கிற குணம் அதுக்கும் உண்டு. உப்பு போக நல்ல தண்ணியில அலசினாத்தான். கம்பி இல்லாத சாமானுக்கு மட்டும்.

பாமணிக்கரை · ஜூலை 24, இரவு 9:20

ரெண்டு மாசமா ஆளைக் காணோமேன்னு நெனச்சிருப்பீங்க. கல்லு காயணும்ல!

மூணு தினுசா வார்த்தேன். வெறும் எம்-சாண்டு ஒண்ணு. கொள்ளளவுக்கு அஞ்சு சதவீதம் துகள் ஒண்ணு. பத்து சதவீதம் ஒண்ணு. பாண்டை மறந்துட்டு, ஒரு லிட்டர் மக்குல தண்ணி ஊத்தி அதுக்குள்ள துகளை அமுக்கி, எவ்வளவு தண்ணி ஏறுதுன்னு பார்த்து அளந்தேன். மிதக்குற சனியனை அமுக்கிப் பிடிக்கவே பொண்டாட்டியைக் கூப்பிட வேண்டியதாப் போச்சு. சோதனைக்கு வார்த்த கனசதுரக் கட்டியை (க்யூப்) ஒரு கல்லூரி ஆய்வகத்துல குடுத்து உடைச்சுப் பார்த்தோம். அஞ்சு சதவீதம் கொஞ்சம் இறங்குச்சு, வெறும் கல்லுக்குப் பக்கத்துல நிக்குது. பத்து நல்லாவே இறங்கிடுச்சு, பேவருக்கு ஆகாது. உடைஞ்ச முகத்தைக் கையில எடுத்துப் பார்த்தா சார் சொன்னது அப்படியே தெரியுது: செதில் இருந்த இடத்துல எல்லாம் வழவழன்னு அச்சு, சிமெண்டு ஒட்டவே இல்ல. செதிலை நகத்தால நெம்புனா முழுசா கழண்டு வருது, மேல பால் கம்பெனி எழுத்துகூட அழியாம.

சாக்குப் பட்டை போட்ட மூடிதான் ஆச்சரியம். ஒரு இஞ்சுக்கு நறுக்கி, யூரியா சாக்கு மட்டும், மூணு தண்ணி அலசி, கம்பியோட வார்த்தேன். சுத்தியல் வெச்சு அடிச்சோம். வெறும் மூடி ஓரம் தெறிச்சு விழுந்துச்சு. இது வெடிச்சுது, ஆனா ஓரம் விழாம பட்டையில தொங்கிக்கிட்டு நிக்குது. இப்ப சாக்கடை மூடிக்கும் வேலிக்காலுக்கும் இதுதான் போடுறேன், கேட்டு வர்றவங்ககிட்ட சொல்லித்தான் குடுக்குறேன். துகளை அஞ்சு சதவீதம் கொல்லைச் சுவருக்கான ஹாலோ பிளாக்குல மட்டும், அதுவும் மேல பூசுறவங்களுக்கு. அக்கா கொட்டகை கால்வாசிகூட காலியாகல, அதையும் சொல்லிடணும்.

கொள்ளிடத்துக்காரன் · ஜூலை 24, இரவு 9:41

மிச்சம் முக்கால்வாசிக்கு அரியலூர் லாரி பாருங்க. நாலஞ்சு ஊராட்சி சேர்ந்து அமுக்கி பேல் கட்டினா வாடகை கட்டுப்படியாகும்.

குறுவைக்காரன் · ஜூலை 25, காலை 5:35

தம்பி, அந்த முதல் இருநூறு கல்லு என்னாச்சு?

பாமணிக்கரை · ஜூலை 25, காலை 8:15

வெளிய குடுக்கலண்ணே. பட்டறையில மிக்சர் நிக்கிற இடத்துல நானே பதிச்சுட்டேன், எவ்வளவு நாள் தாங்குதுன்னு பார்க்கலாம்னு. நீங்க சொன்னது நெசம்தான். தினம் பெருக்குற அம்மா முறத்துல சிமெண்டுத் தூசியோட நீலமும் பச்சையுமா வருது.

குறுவைக்காரன் · ஜூலை 25, காலை 8:20

அந்த முறத்தை எங்க தட்டுறாங்க?

பாமணிக்கரை · ஜூலை 25, காலை 8:31

இத்தனை நாள் வேலி ஓரமா தட்டிக்கிட்டு இருந்துச்சு அந்தம்மா. பாமணியாத்து வாய்க்கால் அங்கேருந்து பத்தடி. இப்ப ஒரு சாக்கைக் கட்டி வெச்சிருக்கேன், அதுலதான் தட்டணும்னு. பொட்டாஷ் சாக்கு, வேற எதுக்கும் ஆகாதுன்னு ஒதுக்கினது.